எபிரெய வேதத்தை இலக்கியமாக வாசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஏற்பாட்டைக் கதையாகவும் கவிதையாகவும் கவனித்து வாசிக்க விரும்பும் கிறிஸ்தவர்களுக்காக இந்தப் பக்கம். வேதபாட வகுப்பு நடத்துகிறவர்களும் பிரசங்கம் தயாரிக்கிறவர்களும் இறையியல் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. மேற்கோள்களும் வசன எண்களும் 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் வந்த மொழிபெயர்ப்பின்படி. இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபைகளில் ஒலிப்பது அதுதான். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் தேவையான இடங்களில் சேர்த்துக்கொள்கிறோம்.

வேதத்தை "இலக்கியம்" என்றால் அது கட்டுக்கதை என்று ஆகிவிடாதா?

ஆகாது. வேதமே தன் உண்மையை இலக்கிய வடிவங்களில்தான் சொல்கிறது. 2 சாமுவேல் 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தாவீதின் பாவத்தைக் கண்டிக்க வந்த தீர்க்கதரிசி நாத்தான் குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. ஒரு தரித்திரனின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பற்றி நான்கு வசனங்களில் ஒரு கதை சொல்கிறார். அந்தத் தரித்திரனும் ஆட்டுக்குட்டியும் எந்த ஊரிலும் இருந்ததில்லை. ஆனால் அந்தக் கதைதான் ராஜாவின் வாயாலேயே ராஜாவுக்குத் தீர்ப்பு சொல்ல வைக்கிறது. நியாயாதிபதிகள் 9-இல் யோதாம் சொல்லும், மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடும் கதையும், ஏசாயா 5-இன் திராட்சத்தோட்டப் பாட்டும் இப்படிப்பட்டவையே.

திருச்சபைக்கும் இது புதிதல்ல. வேதத்தின் மற்றெல்லா அர்த்தங்களும் அதன் நேர்ப்பொருளின் மேல்தான் நிற்க வேண்டும் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். வேத ஆசிரியரின் கருத்தை அறிய இலக்கிய வகைகளைக் கவனிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏடு (1965) சொல்கிறது. எங்கள் நிலைப்பாடும் இதுவே: இஸ்ரவேலின் எழுத்தாளர்கள் இறையியலைக் கதையின் போக்கிலும் பாட்டின் அடிகளிலும் வைத்தார்கள். வடிவத்தைக் கவனிக்காமல் தாண்டினால் இறையியலும் கைநழுவிப் போகும்.

எபிரெய வேதமும் பழைய ஏற்பாடும் ஒன்றுதானா?

புராட்டஸ்டன்ட் பழைய ஏற்பாட்டில் 39 புத்தகங்கள். அதே உள்ளடக்கத்தை யூதர்கள் 24 என்று எண்ணுகிறார்கள். சாமுவேல், ராஜாக்கள், நாளாகமம் ஒவ்வொன்றும் ஒரே நூல். எஸ்றாவும் நெகேமியாவும் சேர்ந்து ஒன்று. பன்னிரண்டு சிறிய தீர்க்கதரிசிகளும் ஒரே நூல். கத்தோலிக்கப் பழைய ஏற்பாட்டில் 46. தானியேல், எஸ்றாவின் சில பகுதிகள் அரமாயிக் மொழியில் உள்ளன.

எண்ணிக்கையைவிட வரிசைதான் வாசிப்பை அதிகம் மாற்றுகிறது. தோரா (மோசேயின் ஐந்து புத்தகங்கள்), தீர்க்கதரிசிகள், எழுத்துகள் என்று போகும் எபிரெய வரிசை வழக்கமாக 2 நாளாகமத்தில், நாடு கடத்தப்பட்டவர்கள் எருசலேமுக்குப் போகலாம் என்ற கோரேஸ் ராஜாவின் ஆணையோடு முடிகிறது. கிறிஸ்தவ வரிசை மல்கியாவில், எலியா வருவான் என்ற வாக்கோடு முடிகிறது. பக்கத்தைத் திருப்பினால் யோவான் ஸ்நானன். இந்த வரிசையே ஓர் இறையியல் கூற்றுதான்.

ரூத் புத்தகம் நல்ல உதாரணம். நம் வேதாகமத்தில் அது நியாயாதிபதிகளுக்கும் சாமுவேலுக்கும் நடுவில் இருப்பதால், வன்முறை நிறைந்த காலத்திலிருந்து தாவீதுக்குப் போகும் பாலமாக வாசிக்கிறோம். எபிரெய வேதத்தின் பழைய பிரதியான லெனின்கிராட் கையெழுத்துப் பிரதியில் (சுமார் 1008) அது நீதிமொழிகளுக்கு அடுத்து வருகிறது. நீதிமொழிகள் 31 "குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்?" என்று கேட்டு முடிந்ததும் ரூத் தொடங்குகிறது. அதில் போவாஸ் மோவாபியப் பெண்ணான ரூத்திடம் "நீ குணசாலி" என்கிறார் (3:11). இரண்டு இடத்திலும் எபிரெயச் சொல் ஒன்றே. பவர் மொழிபெயர்ப்பும் அதை அப்படியே காத்திருக்கிறது.

அதிகாரப் பிரிவுகளை நம்பி வாசிக்கலாமா?

இடம் தேட மட்டும் பயன்படுத்துங்கள். அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. ஸ்டீபன் லாங்டன் பெயரோடு அதை இணைத்துச் சொல்வார்கள். பல இடங்களில் அது பகுதியின் நடுவிலேயே வெட்டுகிறது. ஆதியாகமத்தின் முதல் படைப்புக் கதை 1:31-இல் முடியவில்லை. ஏழாம் நாள் ஓய்வோடு 2:3-இல்தான் முடிகிறது. அதிகாரத்தோடு நிறுத்துகிறவருக்கு உச்சம் மனிதன் என்று தோன்றும். 2:3 வரை போகிறவருக்கு உச்சம் ஓய்வுநாள் என்று தெரியும். துன்புறும் தாசனின் பாடல் ஏசாயா 53:1-இல் அல்ல, 52:13-இல் தொடங்குகிறது. சங்கீதம் 42-உம் 43-உம் ஒரே பாட்டு. 42:5, 42:11, 43:5 மூன்றிலும் ஒரே பல்லவி வருவதே சாட்சி.

உரைநூல்களோடு ஒப்பிடும்போது எண்கள் பொருந்தாமல் போகலாம். எபிரெயப் பதிப்பில் சங்கீதத்தின் தலைப்பும் வசனமாக எண்ணப்படும். அதனால் நமது 51:1 அங்கே 51:3. யோவேல் அங்கே 4 அதிகாரம், மல்கியா 3.

ஒரு கதைப்பகுதியை எப்படி வாசிப்பது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

2 சாமுவேல் 11-ஐ வைத்துச் சொல்கிறோம். தாவீது தன் போர்வீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவைச் சாகவைக்கும் கதை. 27 வசனங்கள்தான். பென்சிலோடு உட்காருங்கள்.

முதலில் எல்லையைக் குறியுங்கள். இந்தக் கதை 11:1-இல் தொடங்கினாலும் நாத்தான் வந்து போகாமல் முடியாது. ரப்பா நகரத்தின் முற்றுகையில் தொடங்கி, 12:31-இல் அந்நகரம் விழுவதோடு சட்டம் மூடுகிறது. அதற்குள் நடப்பதெல்லாம் போருக்குப் போகாத ஒரு ராஜாவின் கதை.

அடுத்து முதல் வசனத்தில் நின்று பாருங்கள். ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலம் என்கிறது. யோவாப் போனான், சேவகர் போனார்கள், இஸ்ரவேல் அனைத்தும் போனது. "தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டான்." கண்டித்து ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அந்த "தாவீதோ" என்ற ஓகாரத்திலேயே எல்லாம் இருக்கிறது.

மூன்றாவதாக, திரும்பி வரும் சொல்லை வட்டமிடுங்கள். இங்கே அது "அனுப்பு". தாவீது படையை அனுப்புகிறான் (1), விசாரிக்க அனுப்புகிறான் (3), அவளை அழைத்துவர அனுப்புகிறான் (4), உரியாவை அனுப்பச் சொல்லி யோவாபுக்கு ஆள் அனுப்புகிறான் (6), உரியாவின் கையிலேயே அவனுடைய சாவுக்கான கடிதத்தை அனுப்புகிறான் (14), கடைசியில் அவளை "அழைத்தனுப்பி" வீட்டில் சேர்த்துக்கொள்கிறான் (27). நடுவில் பத்சேபாள் ஒருமுறை ஆள் அனுப்புகிறாள் (5), தான் கர்ப்பவதி என்று சொல்ல. அதிகாரம் என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்து ஆட்களை நகர்த்துவது என்று கதை நமக்குக் காட்டிவிட்டது. அப்புறம் 12:1: கர்த்தர் நாத்தானைத் தாவீதினிடத்தில் அனுப்புகிறார். இதுவரை அனுப்பிக்கொண்டே இருந்தவனிடம் இப்போது ஒருவர் அனுப்பப்பட்டு வருகிறார். அனுப்பும் அதிகாரம் யாருடையது என்ற இறையியல், விளக்கவுரை எதுவும் இல்லாமல் ஒரு வினைச்சொல்லிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

நான்காவது, கதைசொல்லி எங்கே வேகமாகப் போகிறார், எங்கே நிதானிக்கிறார் என்று பாருங்கள். பாவம் முழுவதும் 2 முதல் 5 வரை, நான்கே வசனங்களில் முடிகிறது. உரியா வீட்டுக்குப் போக மறுப்பது 6 முதல் 13 வரை நீள்கிறது. பெட்டியும் இஸ்ரவேலும் கூடாரங்களில் தங்கியிருக்கும்போது தான் வீட்டுக்குப் போவதா என்று ஏத்தியனான, அதாவது வேற்றினத்தானான உரியா பேசுவதைக் கேட்கத்தான் கதை நேரம் ஒதுக்குகிறது.

ஐந்தாவது, சொல்லாமல் விட்டதைக் குறியுங்கள், ஆனால் நிரப்பாதீர்கள். பத்சேபாள் என்ன நினைத்தாள்? உரியாவுக்குச் சந்தேகம் வந்ததா? கதை சொல்லவில்லை. அவள் வேண்டுமென்றே அங்கே குளித்தாள் என்று பிரசங்கங்களில் வருவது வசனத்தில் இல்லாத சங்கதி. மாடியில் இருந்தவன் தாவீது. நாத்தானின் கதையிலும் ஆட்டுக்குட்டி குற்றவாளி அல்ல.

ஆறாவது, கதைசொல்லி வாய் திறந்து தீர்ப்பு சொல்லும் இடம் எது? ஒரே இடம், கடைசி வசனத்தின் கடைசி வாக்கியம்: "தாவீது செய்த இந்தக் காரியம் கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது."

இவ்வளவும் முடிந்த பிறகே மற்றப் புத்தகங்களுக்குப் போங்கள். 1 நாளாகமம் 20:1 தாவீது எருசலேமில் இருந்ததைச் சொல்லிவிட்டு நேரே ரப்பா அழிந்ததற்குப் போய்விடுகிறது. நடுவில் நடந்த எதுவும் அங்கே இல்லை. ஆலயத்தை மையமாக வைத்து எழுதும் நாளாகமத்தின் நோக்கம் வேறு. மத்தேயுவோ இயேசுவின் வம்சவரலாற்றில் பத்சேபாளின் பெயரைச் சொல்லாமல் "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்கிறார் (1:6). கொல்லப்பட்டவனின் பெயர் மேசியாவின் வம்சாவளியில் நிரந்தரமாக நிற்கிறது.

கதைகள் ஏன் இவ்வளவு குறைவாகச் சொல்கின்றன?

1946-இல் வெளியான எரிக் அவர்பாக்கின் ஆய்வு கிரேக்கக் கவி ஹோமரின் கவிதையையும், ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போகும் ஆதியாகமம் 22-ஐயும் அருகருகே வைத்து இதைத்தான் கேட்டது. ஹோமர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைக்கிறார். ஆபிரகாமின் கதையிலோ மூன்று நாள் பயணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தகப்பனும் மகனும் பேசுவது ஒரே ஒரு முறை. அதற்கு முன்னும் (6) பின்னும் (8) இருவரும் கூடிப்போனதாக வருகிறது. மகன் கேள்வி கேட்பதற்கு முன் ஒன்றாக நடந்ததும், பதிலைக் கேட்ட பின் ஒன்றாக நடந்ததும் ஒரே சொற்களில் இருப்பதுதான் நெஞ்சை அடைக்கிறது. 19-ஆம் வசனத்தில் ஆபிரகாம் வேலைக்காரரிடம் திரும்பி வருகிறார். ஈசாக்கின் பெயர் அங்கே இல்லை.

இந்த மௌனங்கள்தான் விளக்கங்கள் முளைக்கும் இடம். அடுத்த அதிகாரத்தில் சாராள் இறப்பதை யூத மரபுக் கதைகள் அந்தப் பலியிடமான மோரியாவின் செய்தியோடு இணைத்தன. எபிரெயர் 11:19, மரித்தோரிலிருந்தும் எழுப்ப தேவன் வல்லவர் என்று ஆபிரகாம் எண்ணினார் என்று அதே இடைவெளியை நிரப்புகிறது. புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் எவ்வளவு நுணுக்கமான வாசகர்கள் என்பது மூலக்கதையின் மௌனத்தைக் கேட்ட பிறகே புரியும்.

கவிதை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பவர் மொழிபெயர்ப்பில் கவிதையும் உரைநடையும் வசனம் வசனமாக ஒரே மாதிரி அச்சாகியிருக்கும். திருவிவிலியம் கவிதையை அடி பிரித்துத் தருகிறது. கவிதைப் பகுதிகளுக்கு அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சங்கீதம், யோபு, நீதிமொழிகள், உன்னதப்பாட்டு, புலம்பல் மட்டுமல்ல, தீர்க்கதரிசிகளின் பெரும்பகுதியும் கவிதையே.

எபிரெயக் கவிதையின் அடிப்படை இணைவரிகள். "வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது, ஆகாயவிரிவு அவருடைய கரங்களின் கிரியையை அறிவிக்கிறது" (சங். 19:1). இதை முதலில் முறையாக வகைப்படுத்தியவர் ராபர்ட் லோத். ஆக்ஸ்போர்டில் அவர் ஆற்றிய உரைகள் 1753-இல் நூலாயின. ஒத்த வரி, எதிர் வரி, தொடர்ந்து வளரும் வரி என்று மூன்றாகப் பிரித்தார். இந்தப் பிரிவு இன்றும் பாடத்தில் இருக்கிறது. ஆனால் "இரண்டாம் வரி முதல் வரியையே திரும்பச் சொல்கிறது" என்று மட்டும் படித்துவிட்டால் பாதி போய்விடும். பெரும்பாலும் இரண்டாம் வரி ஒரு படி மேலே ஏறும். தெபொராளின் பாட்டைப் பாருங்கள். தோற்று ஓடிவந்த எதிரிப் படைத்தலைவன் சிசெராவை யாகேல் என்ற பெண் கூடாரத்தில் வரவேற்கிறாள்: "தண்ணீரைக் கேட்டான், பாலைக் கொடுத்தாள், ராஜாக்களின் கிண்ணியிலே வெண்ணெயைக் கொண்டுவந்து கொடுத்தாள்" (நியா. 5:25). தண்ணீர், பால், வெண்ணெய் என்று உபசாரம் ஏறிக்கொண்டே போகிறது. அடுத்த வசனத்தில் கூடார ஆணி.

கவிதையை உரைநடையாக வாசிப்பதால் வரும் சிக்கலுக்கும் அதே பாட்டு சாட்சி. 4-ஆம் அதிகாரத்தின் உரைநடையில் சிசெரா தூங்கும்போது சாகிறான். 5-ஆம் அதிகாரத்தின் பாட்டில் யாகேலின் காலடியில் மடங்கி விழுகிறான். இரண்டையும் போலீஸ் அறிக்கைபோல ஒப்பிட்டு முரண்பாடு என்று சொல்லத் தேவையில்லை. பாட்டு அந்த வீழ்ச்சியை மெதுவாக, மூன்று முறை விழவைத்துக் காட்டுகிறது. சகரியா 9:9-இன் கழுதையும் கழுதைக்குட்டியும் இணைவரியில் ஒரே விலங்குதான். மாற்கும் லூக்காவும் ஒரு குட்டியையே சொல்ல, மத்தேயு 21:7 மட்டும் இரண்டையும் கொண்டுவருகிறது. தீர்க்கதரிசனத்தின் ஒரு சொல்லும் விடுபடக்கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது என்பதே எங்கள் கணிப்பு.

எழுத்து வரிசைப் பாடல்கள் மொழிபெயர்ப்பில் மறைந்துவிடும். எபிரெயத்தில் 22 எழுத்துகள். சங்கீதம் 119 எழுத்துக்கு எட்டு வசனமாக 176 வசனம். புலம்பல் 1, 2, 4 அதிகாரங்கள் 22 வசனங்கள், 3-ஆவது 66, எல்லாம் எழுத்து வரிசையில். ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனங்கள் உண்டு, ஆனால் எழுத்து வரிசை இல்லை. எருசலேமின் அழிவைப் பாடி வந்தவருக்குக் கடைசியில் அந்த ஒழுங்கும் கலைந்துபோகிறது. அந்தாதியும் மோனையும் பழகிய தமிழ் வாசகருக்கு இதன் வலியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எபிரெயம் தெரியாமல் எவ்வளவு தூரம் போக முடியும்?

நிறையத் தூரம். காட்சி அமைப்பு, உரையாடல், வேகம், மௌனம் எல்லாம் மொழிபெயர்ப்பைத் தாண்டி வந்துவிடும். ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்திலிருந்து கதை "தேவனாகிய கர்த்தர்" என்றே சொல்லி வருகிறது. 3:1-இல் பாம்பு பேசத் தொடங்கியதும் "தேவன்" மட்டும். ஸ்திரீயும் பதிலுக்கு "தேவன்" என்கிறாள், கூடவே கட்டளையில் இல்லாத தொடக்கூடாது என்பதையும் சேர்க்கிறாள். "கர்த்தர்" என்ற உறவின் பெயர் உரையாடலிலிருந்து நழுவிவிட்டது. தமிழ் வேதாகமத்தை மட்டும் வைத்துக்கொண்டே இதைப் பார்த்துவிடலாம்.

திரும்பி வரும் சொற்களில்தான் கவனம் தேவை. ஒரே எபிரெயச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு இரண்டு சொல் போட்டிருக்கலாம், இரண்டுக்கு ஒன்று போட்டிருக்கலாம். பவர் மொழிபெயர்ப்பையும் திருவிவிலியத்தையும் ஒப்பிடுங்கள், சந்தேகம் வந்தால் ஒத்தவாக்கிய அகராதியைப் பாருங்கள். வேர்ச்சொல்லை மட்டும் வைத்து அர்த்தம் கட்டுவதைத் தவிருங்கள். சொல்லின் பொருளை அது நிற்கும் வாக்கியம் தீர்மானிக்கிறது.

புத்தாண்டு வாக்குத்தத்த வசனங்களை இந்த முறை என்ன செய்யும்?

"உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" (யோபு 8:7). கடைத் திறப்பு விழாக்களிலும் காலண்டர்களிலும் காணும் வசனம். பேசுகிறவர் யார் என்று பாருங்கள்: யோபுவைத் தேற்ற வந்த நண்பர்களில் ஒருவரான பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பவரிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால் செத்தார்கள் என்று மூன்று வசனத்துக்கு முன்னால் (8:4) சாடையாகச் சொன்னவர். புத்தகத்தின் முடிவில் அவரும் அவர் நண்பர்களும் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே சொல்கிறார் (42:7).

யோபு புத்தகத்தை வாசிக்க முதல் விதி இதுதான்: ஒவ்வொரு வசனத்துக்கும் பேசுகிறவரின் பெயரை ஓரத்தில் எழுதுங்கள். 1–2 அதிகாரங்களும் 42:7–17-உம் உரைநடை, நடுவில் ஏறக்குறைய முழுவதும் கவிதை வாக்குவாதம். எலிகூ 32 முதல் 37 வரை, கர்த்தர் 38-இலிருந்து. நண்பர்கள் சொன்னதெல்லாம் பொய் என்றும் முடிவுகட்ட வேண்டாம். எலிப்பாஸின் ஒரு வாக்கியத்தை (5:13) பவுல் 1 கொரிந்தியர் 3:19-இல் வேதவசனமாகவே எடுத்தாளுகிறார். பொதுவாக உண்மையான ஒன்றை, தவறான ஆளிடம், தவறான நேரத்தில் சொன்னதுதான் நண்பர்களின் குற்றம். வசனத்தைக் காலண்டரில் தனியாகப் பிரித்தெடுக்கும்போது நாமும் அதே வேலையைச் செய்யும் ஆபத்து உண்டு.

எரேமியா 29:11-உம் இப்படியே. அது பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் அதன் நிறைவேறுதலைக் காணாமல் அங்கேயே மரித்தார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பதையும் சேர்த்து வாசித்தால் வாக்குத்தத்தம் சிறுத்துப்போகாது, ஆழமாகும்.

அப்படியானால் பழைய ஏற்பாட்டில் கிறிஸ்துவைக் காண்பது தவறா?

இல்லை. கிறிஸ்தவர்களாக வாசிக்கிறோம், அவரிடம் வந்து சேருவோம். எப்படி வந்து சேருகிறோம் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு கயிற்றிலும் ஆணியிலும் சிலுவையைத் தேடினால் இஸ்ரவேலின் குரல் கேட்காமல் போகிறது. சுவிசேஷ ஆசிரியர்கள் செய்தது அதைவிட நுட்பமானது.

ஓசியா 11:1: "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்." இது எதிர்காலத்தைப் பற்றிய முன்னறிவிப்பல்ல. யாத்திராகமத்தை நினைத்து, அடுத்த வரியிலேயே இஸ்ரவேலின் துரோகத்தை எண்ணி நோகும் தகப்பனின் பேச்சு. மத்தேயு 2:15 இதை இயேசுவுக்குச் சொல்லும்போது ஓசியாவைத் தவறாக வாசிக்கவில்லை. இஸ்ரவேல் நடந்த பாதையில் இயேசு மறுபடி நடக்கிறார் என்கிறார்: எகிப்து, தண்ணீர், வனாந்தரம். நாற்பது வருஷத்துக்கு நாற்பது நாள். சோதனைக்காரனுக்குச் சொல்லும் மூன்று பதில்களும் உபாகமம் 6, 8-இலிருந்து. ஓசியாவின் துக்கத்தைக் கேட்டவருக்கே மத்தேயுவின் மகிழ்ச்சி புரியும்.

கிணற்றடிக் காட்சி இன்னும் அழகு. வேற்றூரிலிருந்து ஒருவர் கிணற்றண்டை வருகிறார், ஒரு பெண் வருகிறாள், தண்ணீர் மொள்ளப்படுகிறது, அவள் வீட்டுக்கு ஓடிச் சொல்கிறாள், வந்தவர் விருந்துக்கு அழைக்கப்படுகிறார், கல்யாணம் முடிவாகிறது. ஆதியாகமம் 24, 29, யாத்திராகமம் 2 மூன்றிலும் இதே சட்டகம். வேறுபாடுகளில்தான் ஆளின் குணம் வெளிப்படும். ஈசாக்கு கிணற்றடிக்கே வருவதில்லை, வேலைக்காரன் வருகிறான். பத்து ஒட்டகங்களுக்கும் தண்ணீர் மொள்ளுகிறவள் ரெபெக்காள், பின்னால் அந்தக் குடும்பத்தை நடத்தப்போகிறவளும் அவளே. யாக்கோபு பாறையைத் தனியாகப் புரட்டுகிறான். மோசே மேய்ப்பரை விரட்டி ஏழு பெண்களைக் காப்பாற்றுகிறான்.

இப்போது யோவான் 4. இடம் யாக்கோபின் கிணறு. முந்தின அதிகாரத்தில்தான் ஸ்நானன் இயேசுவை "மணவாளன்" என்றார் (3:29). வேற்றூரிலிருந்து வந்தவர் தண்ணீர் கேட்கிறார். குடித்தாரா என்று கதை சொல்லவே இல்லை. பேச்சு நேராகக் கணவனைப் பற்றிப் போகிறது. பெண் ஊருக்கு ஓடுகிறாள், குடத்தைக்கூட விட்டுவிட்டு. ஊரார் வந்து தங்கும்படி அழைக்க, இரண்டு நாள் தங்குகிறார். கல்யாணம் வர வேண்டிய இடத்தில் ஒரு சமாரிய ஊரில் அநேகர் விசுவாசிக்கிறார்கள். பழைய மூன்று காட்சிகளைத் தெரியாதவருக்கு இது ஒரு நல்ல உரையாடல். தெரிந்தவருக்கு மணவாளன் யாரைத் தேடி வந்தார் என்ற அறிவிப்பு.

சங்கீதம் 22-உம் அப்படியே. சிலுவையில் கேட்ட முதல் வரியோடு நிறுத்தாமல் முழுவதும் வாசியுங்கள்: முறையீடு, நம்பிக்கை, மறுபடி முறையீடு, மறுபடி நம்பிக்கை என்று ஊசலாடி, 22-ஆம் வசனத்திலிருந்து சபை நடுவில் துதியாகத் திரும்புகிறது. அதற்காக அந்த முதல் வரியின் கூர்மையை மழுக்கிவிடாதீர்கள். திருப்பமே இல்லாமல் இருளில் முடியும் சங்கீதம் 88-உம் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

யூதர்கள் வாசிப்பதிலிருந்து கற்றுக்கொள்ளலாமா?

கட்டாயம். எபிரெய வேதத்தையே தள்ளிவிட விரும்பிய மார்சியோனை ரோமாபுரிச் சபை சுமார் 144-இல் விலக்கியது. வேதத்தை வைத்துக்கொண்டு அதன் மக்களைத் தள்ளுவது அந்தப் பிழையின் இன்னொரு முகம். யூத வாசிப்பு சாத்தியமான, முறையான வாசிப்பு என்று 2001-இல் பாப்பரசரின் விவிலிய ஆணைக்குழு தெளிவாகவே எழுதியது.

கொடூரமான பகுதிகளை எப்படி வாசிப்பது?

சொல்வதும் ஒப்புக்கொள்வதும் வேறு. நியாயாதிபதிகள் 19-இல் லேவியனின் மறுமனையாட்டிக்கு நேர்ந்ததைக் கதைசொல்லி எந்த இடத்திலும் நியாயப்படுத்தவில்லை. 17:6-இலும் புத்தகத்தின் கடைசி வசனத்திலும் அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்தான் என்று சட்டமிட்டு வைக்கிறார். அந்த அதிகாரத்தைச் சபையில் வாசிக்காமல் தாண்டுவது, பெயர்கூடச் சொல்லப்படாத அந்தப் பெண்ணை மறுபடி மௌனமாக்குவதாகும்.

யோசுவாவின் போர்கள் கடினம். அங்கே ஆணை கர்த்தரிடமிருந்து வருவதாகவே சொல்லப்படுகிறது. இலக்கிய வாசிப்பு ஓரளவே உதவும். யோசுவா 11:23 தேசம் முழுவதையும் பிடித்ததாகச் சொல்ல, 13:1 சுதந்தரிக்க வேண்டிய தேசம் இன்னும் மிகுதி என்கிறது. முழுதாய் அழித்தோம் என்று எழுதுவது அக்காலப் போர்க்கல்வெட்டுகளின் நடை. 1868-இல் கண்டெடுத்த மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டும் இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்துபோனது என்கிறது. அழியவில்லை. ஆனாலும் மிகைநடை என்று காட்டியதோடு அறநெறிக் கேள்வி தீர்ந்துவிட்டது என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அது தீரவில்லை.

யோனா உண்மையில் நடந்ததா?

விசுவாசமுள்ள வாசகர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். எந்தப் பக்கம் நின்றாலும், நான்கு அதிகாரம், 48 வசனமுள்ள இந்தப் புத்தகம் மீனில் முடியவில்லை, கேள்வியில் முடிகிறது: ஒரு இலட்சத்து இருபதினாயிரம் பேரும் மிருகஜீவன்களும் உள்ள நினிவேக்காக நான் பரிதபியாமல் இருப்பேனோ? நாகூம் புத்தகமும் கேள்வியில் முடிகிறது, அதுவும் நினிவேயைப் பற்றியே, ஆனால் அதன் அழிவைக் கண்டு கைகொட்டும் கேள்வி. மீனைப் பற்றி மட்டும் வாதாடுகிறவர்கள் இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கும் வாய்ப்பை இழக்கிறார்கள்.

எங்கு பார்த்தாலும் வளைய அமைப்பு தெரிகிறதே, எல்லாம் நிஜமா?

முதலும் கடைசியும், இரண்டாவதும் கடைசிக்கு முந்தினதும் இணைந்து நடுவில் மையம் வைக்கும் அமைப்பு உண்மையில் உண்டு. ஆனால் தேடினால் எங்கும் கிடைக்கும். வாசகர் தானே தலைப்புகள் எழுதி, அந்தத் தலைப்புகளை ஒப்பிடுவதுதான் வழக்கமான தவறு. மூலத்தில் இருக்கும் சொல்லோ எண்ணோ திரும்பி வர வேண்டும்.

ஜலப்பிரளயக் கதையில் நாட்கள் 7, 7, 40, 150, பிறகு 150, 40, 7, 7 என்று வருகின்றன (ஆதி. 7:4 முதல் 8:12 வரை). நடுவில் "தேவன் நோவாவை நினைத்தருளினார்" (8:1). இது நல்ல ஆதாரம். இதிலும் 7:4, 7:10 இரண்டும் ஒரே ஏழு நாளைத்தான் சொல்கின்றன என்ற ஆட்சேபம் நியாயமானது.

அதே கதையில் 6:19 ஜோடி ஜோடியாக என்கிறது, 7:2 சுத்தமான மிருகங்களில் ஏழேழு என்கிறது. இரண்டு பழைய மரபு ஓடைகள் இங்கே கலந்திருக்கின்றன என்று வரலாற்று ஆய்வு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஆய்வை ஒதுக்க வேண்டாம். கலந்தவர் இந்த மையத்தை நோக்கியே கலந்தார் என்பது இலக்கிய வாசிப்பு அதற்குச் சேர்க்கும் பதில்.

குழுவாக வாசிக்க எங்கே தொடங்குவது?

ரூத். 4 அதிகாரம், 85 வசனம், சத்தமாக வாசித்தால் இருபது நிமிடத்துக்குள் முடியும். முதல் வாரம் நிறுத்தாமல் முழுவதும் வாசியுங்கள், விளக்கம் வேண்டாம். கதைசொல்லி, நகோமி, ரூத், போவாஸ், ஊர்ப்பெண்கள் என்று குரல்களைப் பிரித்துக் கொடுங்கள். அப்படிச் செய்தால் பாதிக்கு மேல் உரையாடல் என்பது தானாகக் காதில் விழும். அடுத்த நான்கு வாரம் வாரத்துக்கு ஓர் அதிகாரம். "இது எனக்கு என்ன சொல்கிறது" என்ற கேள்வியை ஒவ்வொரு வாரமும் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள். முதலிலேயே கேட்டால் யாரும் கதையைப் பார்க்கமாட்டார்கள், தங்கள் வாழ்க்கையைத்தான் பார்ப்பார்கள்.

ரூத்துக்குப் பிறகு யோனா, அதற்குப் பிறகு 2 சாமுவேல் 11–12, அப்புறம் சங்கீதம் 22, 42–43, 88. யோபுவைக் குறைந்தது ஆறு மாதம் கழித்து எடுங்கள். லேவியராகமத்தை முதலில் எடுத்த குழுக்கள் பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில் கலைந்துபோகும்.